ஆவிக் குப்பியும் காந்தப்புலமும்: அணு இயற்பியல் ஆய்வாளரின் பணி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், அணுக்களைக் கொண்டு காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளை உருவாக்கும் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். இத்துறையில் சேர விரும்பும் மாணவர்களும், ஆய்வகத்தைப் பார்க்க வரும் பிற துறையினரும், சில வேளைகளில் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். சில விடைகள் நீண்டுவிட்டன. எங்கள் நேரம் எங்கே செலவாகிறதோ அங்கேதான் விடையும் நீள்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், உங்கள் வேலை என்ன?

சிறிய கண்ணாடிக் குப்பிக்குள் ஆவியாக இருக்கும் அணுக்கள்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி அவற்றின் காந்த அச்சுகளை ஒரே திசைக்குத் திருப்பி, காந்தப்புலத்தில் அவை எவ்வாறு சுழல்கின்றன என்பதை இன்னொரு லேசர் ஒளியால் கண்டறிந்து, அதிலிருந்து புலத்தின் அளவைக் கணக்கிடுகிறோம். எங்கள் வேலைக்கான விளக்கம் இவ்வளவுதான். நாள்தோறும் நடப்பது சற்று வேறு. கருவி காட்டும் எண்ணில் எவ்வளவு உண்மையான காந்தப்புலம், எவ்வளவு லேசரின் தடுமாற்றம், எவ்வளவு மின்சுற்றின் இரைச்சல், எவ்வளவு பக்கத்து அறையில் யாரோ நகர்த்திய இரும்பு நாற்காலி என்று பிரித்தறிவதிலேயே எங்கள் பொழுதில் பெரும்பகுதி கழிகிறது. அளப்பதைவிட, அளந்தது எது என்று தெரிந்துகொள்வதே கடினமான வேலை. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஒரே செய்தியின் வெவ்வேறு முகங்கள்.

ஓர் அணு காந்தப்புலத்தை எப்படி அளக்கிறது?

சில அணுக்களின் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான் இருக்கும். அந்த எலக்ட்ரானுக்கு ஸ்பின் எனப்படும் தற்சுழற்சிப் பண்பு உண்டு. அதனால் அணு ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்தம்போல நடந்துகொள்கிறது. தரையில் சுழலும் பம்பரம் சாயும்போது உடனே விழுந்துவிடாமல் தலையை வட்டமாக ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட அணுவின் அச்சும் அதேபோல் புலத்தின் திசையைச் சுற்றித் தலையாட்டுகிறது. இதற்கு லார்மர் சுழலாட்டம் என்று பெயர். இந்த ஆட்டத்தின் வேகம் புலத்தின் வலிமைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. ருபீடியம்-87 அணுவில் புலம் 1 நானோடெஸ்லா (டெஸ்லா என்னும் காந்தப்புல அலகில் நூறு கோடியில் ஒரு பங்கு) கூடினால் சுழலாட்டம் நொடிக்கு ஏறத்தாழ 7 சுற்று கூடுகிறது; சீசியத்தில் ஏறத்தாழ மூன்றரைச் சுற்று. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரை மாறுபடும். 50,000 நானோடெஸ்லா உள்ள இடத்தில் ருபீடியம்-87 நொடிக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் முறை சுழலாடும். அதிர்வெண்ணை மிகத் துல்லியமாக எண்ண நம்மால் முடியும் என்பதால், புலத்தையும் மிகத் துல்லியமாக அளக்க முடிகிறது. விகித எண் அணுவின் இயல்பிலிருந்தே வருவதால், வேறு கருவிகளுக்குத் தேவைப்படும் அளவுத்திருத்தம் இங்கே பெரிதும் குறைகிறது.

ஆனால் சாதாரண ஆவியில் அணுக்களின் அச்சுகள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கும். ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்று ஈடுசெய்துவிடுவதால் வெளியே எதுவும் தெரியாது. அவற்றை ஒரே திசைக்குத் திருப்ப, வட்டத் தளவிளைவுற்ற ஒளியை, அதாவது மின்புலம் சுழன்றபடியே முன்னேறும் ஒளியை, ஆவிக்குள் செலுத்துகிறோம். ஒளியிலுள்ள கோண உந்தம் சிறிது சிறிதாக அணுக்களுக்கு மாறி, நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் அவற்றில் பெரும்பாலானவை ஒரே பக்கம் திரும்பிவிடும். ஆப்டிகல் பம்ப்பிங் என்று நாங்கள் அழைக்கும் இந்த முறையை 1950-இல் முன்வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஆல்ஃபிரெட் கஸ்ட்லர்; 1966-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அணுக்கள் திரும்பிய பிறகு, ஒரே தளத்தில் அதிரும்படி தளவிளைவுற்ற இன்னொரு ஒளிக்கற்றையை ஆவியின் ஊடே அனுப்பினால், அதன் தளவிளைவுத் தளம் அணுக்களின் ஆட்டத்துக்கேற்ப இம்மியளவு திரும்பும். அந்த இம்மியைத்தான் இரண்டு ஃபோட்டோடையோடுகளின் வித்தியாசமாக நாங்கள் படிக்கிறோம்.

ஏன் ருபீடியமும் சீசியமும்?

வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான் இருப்பது முதல் காரணம். அவை எளிதில் ஆவியாவது இரண்டாவது: சீசியம் 28.5 பாகை செல்சியஸிலும் ருபீடியம் 39.3 பாகையிலும் உருகிவிடும். குப்பியை இலேசாகச் சூடாக்கினாலே போதிய ஆவி கிடைக்கும். மூன்றாவது காரணம் மிகவும் நடைமுறை சார்ந்தது. இவற்றுக்குத் தேவையான 780, 795, 852, 895 நானோமீட்டர் அலைநீளங்களில் சிறிய டையோடு லேசர்கள் கிடைக்கின்றன. ஒரு துறை எந்த அணுவைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை இயற்கை பாதி தீர்மானித்தால், எந்த லேசர் கைக்கு எட்டுகிறது என்பது மீதியைத் தீர்மானிக்கிறது. பொட்டாசியமும் ஹீலியமும் இத்துறையில் பயன்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விசுவாசிகள் உண்டு.

எவ்வளவு சிறிய புலத்தை அளக்க முடியும்?

மனித இதயம் உடலுக்கு வெளியே உண்டாக்கும் காந்தப்புலம் சில பத்து பிக்கோடெஸ்லா (ஒரு பிக்கோடெஸ்லா, நானோடெஸ்லாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மூளையினுடையது பெரும்பாலும் சில நூறு ஃபெம்டோடெஸ்லா; ஃபெம்டோடெஸ்லா என்பது பிக்கோடெஸ்லாவிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது பூமியின் புலம் மூளையின் புலத்தைப் போல ஏறத்தாழ 10 கோடி மடங்கு பெரியது. இந்த மூளைப்புலத்தையும் இன்றைய அணுக் காந்தமானிகள் கடுங்குளிரூட்டல் இல்லாமல், தலைக்குப் பக்கத்திலேயே இருந்து அளக்கின்றன. 2003-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோமாலிஸ் குழுவினர் ஒரு ஃபெம்டோடெஸ்லாவுக்கும் குறைவான, 0.54 ஃபெம்டோடெஸ்லா என்ற அளவை எட்டியதாக வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனைகளில் ஒன்று. சரியாகச் சொன்னால் அந்த எண்ணின் அலகு, ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு இத்தனை ஃபெம்டோடெஸ்லா என்பதாகும். நீண்ட நேரம் அளந்து சராசரி எடுத்தால் இன்னும் சிறிய புலங்களும் புலப்படும் என்பதே அந்த வர்க்கமூலத்தின் பொருள். ஆனால் இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் அளக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் கருவியே மெல்ல நகர்ந்துவிட்டால் சராசரி எடுத்தும் பயனில்லை.

இதற்கு ஏற்கெனவே மீக்கடத்தி உணர்விகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, அவை மிகச் சிறந்தவையும்கூட. ஸ்குவிட் என்று அழைக்கப்படும் அந்த உணர்வி 1960-களில் உருவானது. டேவிட் கோஹன் 1968-இல் கம்பிச்சுருளைக் கொண்டு மூளையின் காந்தப்புலத்தை முதன்முதலாகக் கண்டறிந்தார். 1972-இல் ஸ்குவிட்டைக் கொண்டு அதைத் தெளிவாகப் பதிவு செய்தார். ஆனால் மருத்துவமனைகளில் உள்ள ஸ்குவிட் கருவிகள் 4.2 கெல்வின் வெப்பநிலையில் உள்ள திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். அந்தக் குளிரைத் தாங்கும் பாத்திரத்தின் சுவர் குறுக்கே நிற்பதால் உணர்வி தலையிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளியே இருக்கும். தொலைவு கூடக் கூடப் புலம் விரைந்து குறையும். உணர்விகள் பதித்த தலைக்கவசத்தின் அளவையும் மாற்ற முடியாது. பெரியவர்களுக்காகச் செய்யப்பட்ட கவசத்தில் குழந்தையின் சிறு தலை சரியாகப் பொருந்தாது. அணு உணர்வியை இவற்றுக்கு மாறாகத் தலைமேல் நேராகப் பொருத்தலாம். 2018-இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழுவினர் தலையில் அணிந்துகொண்டு அசைந்தபடியே மூளைப்புலத்தை அளக்கும் அமைப்பை வெளியிட்டபோது, பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஒன்று கண்முன் நடந்தது. அதற்காக ஸ்குவிட் காலாவதியாகிவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அகலமான அதிர்வெண் பட்டையிலும் நிலைத்தன்மையிலும் அது இன்னும் பல இடங்களில் முன்னே நிற்கிறது.

ஆவியைச் சூடாக்கினால் அணுக்கள் அதிகமாக மோதிக்கொள்ளுமே? அது அளவைக் கெடுக்காதா?

மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதற்கான விடை எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருக்கிறது. அறை வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி ருபீடியம் அணுக்கள் இருக்கும். 150 பாகைக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழப் பதினாயிரம் மடங்காகிவிடும். அப்போது ஓர் அணு நொடிக்குப் பல்லாயிரம் முறை மற்ற அணுக்களோடு மோதித் தற்சுழற்சியைப் பரிமாறிக்கொள்கிறது. அணுவுக்கு மீநுண் நிலைகள் எனப்படும், ஆற்றலில் மிகச் சிறிதே வேறுபடும் இரு நிலைகள் உண்டு. ஒன்றில் அது ஒரு திசையிலும் மற்றதில் எதிர்த்திசையிலும் சுழலாடும். ஒவ்வொரு மோதலிலும் அணு இந்நிலைகளுக்கிடையே தாவக்கூடும் என்பதால், அணுக்கூட்டத்தின் தாளம் குழம்பி, சமிக்ஞை அகன்று மங்கிவிடும். எல்லோரும் இப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

1973-இல் வில்லியம் ஹாப்பரும் டாங்கும் ஒரு விநோதத்தைக் கண்டார்கள்: ஆவி மிக அடர்த்தியாகவும் புலம் மிகச் சிறியதாகவும் இருக்கும்போது ஒத்ததிர்வுக் கோடு (சுழலாட்ட அதிர்வெண்ணில் தெரியும் சமிக்ஞை) அகலாமல், மறுபடியும் குறுகத் தொடங்கியது. விளக்கம் கேட்டபின் எளிதாகத் தோன்றும். சுழலாட்டம் மிக மெதுவாகவும் மோதல்கள் மிக வேகமாகவும் இருந்தால், இரண்டு மோதல்களுக்கு இடையே அணுவால் எந்தத் திசையிலும் குறிப்பிடத்தக்க தூரம் சுழல முடியாது. தாளம் குழம்புவதற்கான அவகாசமே அதற்குக் கிடைப்பதில்லை. இரு நிலைகளின் சராசரியில் எல்லா அணுக்களும் ஒன்றாக, சற்று மெதுவாக, ஆனால் ஒழுங்காக ஆடும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் கண்டுகொள்ளப்படாமல் கிடந்த இந்த உண்மையைத்தான் ரோமாலிஸ் குழுவினர் கருவியாக்கினார்கள். விலை ஒன்று உண்டு: சில பத்து நானோடெஸ்லாவுக்கு மேல் புலம் போனால் இந்த நன்மை மறைந்துவிடும். அதனால் இவ்வகைக் கருவிக்கு வெளிப்புலத்தைத் தடுக்கும் உலோகக் கவசமும், எஞ்சியுள்ள புலத்தை ஈடுசெய்யும் சுருள்களும் தேவை. இத்துறைக்கு வர நினைப்பவர் இந்தக் கதையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: பழைய கட்டுரைகளைப் படிக்கும் பழக்கம் வீண்போவதில்லை.

உங்கள் வழக்கமான நாள் எப்படி இருக்கும்?

காலையில் முதல் வேலை, லேசர் சரியான அலைநீளத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இரவில் அறையின் வெப்பநிலை சற்று மாறியிருந்தால் லேசரும் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்கும். ஒப்பீட்டுக் குப்பியின் உதவியால் அதை மீண்டும் நிலைநிறுத்த வேண்டும். பிறகு குப்பியின் வெப்பநிலை, ஒளிக்கற்றைகளின் ஒழுங்கு, கவசத்துக்குள் எஞ்சியுள்ள புலம் ஆகியவற்றைச் சரிபார்த்து, ஒரு வெற்று அளவை எடுக்கிறோம். அதாவது எந்தச் சமிக்ஞையும் கொடுக்காமல் இரைச்சலை மட்டும் பதிவு செய்கிறோம். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும் அந்த நிறமாலை நேற்றைய நிறமாலையோடு ஒத்துப்போனால் அன்றைய பரிசோதனை தொடங்கும். ஒத்துப்போகாவிட்டால் அன்றைய வேலை அதுவே.

மீதி நேரம் நிரல் எழுதுதல், தரவை ஆய்தல், மாணவர்களோடு கரும்பலகை முன் நின்று வாதிடுதல், உதிரிப்பாகங்களுக்கு ஆணை அனுப்புதல், கற்பித்தல், கூட்டங்கள், நிதி விண்ணப்பங்கள் என்று கழிகிறது. ஆய்வுக்குழுவின் தலைவராகிவிட்டவர்கள் ஒளியியல் மேசையைத் தொடும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மிகக் கடினமான பகுதி எது?

தயக்கமின்றிச் சொல்வேன்: இரைச்சல். அதிலும் சமிக்ஞையைப் போலவே வேடமிடும் இரைச்சல்.

அடிப்படையான எல்லை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. அணுக்கள் எண்ணிக்கையில் அடங்கியவை என்பதால் அவற்றின் தற்சுழற்சியை அளக்கும்போது குவாண்டம் இயல்பால் ஒரு சிதறல் தவிர்க்க முடியாதது. அணுக்களின் எண்ணிக்கை கூடக் கூட அது வர்க்கமூல விகிதத்தில் குறையும். ஒளியும் துகள்களாக வருவதால் அதற்கும் இதே போன்ற ஒரு சிதறல் உண்டு. இவை இயற்கை விதித்தவை. இந்த எல்லைவரை வந்துவிட்டால் கொண்டாடலாம். ஆனால் பெரும்பாலான நாட்களில் நாங்கள் இதற்கு வெகு தொலைவில், மனிதர்கள் உண்டாக்கிய குழப்பத்தில் நிற்கிறோம். மின்வலையின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் கோடும் அதன் மடங்குகளும் எல்லா நிறமாலையிலும் முட்கம்பிபோல நிற்கும். மின்தூக்கி மேலும் கீழும் போவதும், சாலையில் கனரக வாகனம் கடப்பதும், மெல்லிய அலைகளாகத் தெரியும். குப்பியைச் சூடாக்கும் மின்னோட்டமே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதனால் சூடேற்றிக் கம்பிகளை முறுக்கிப் பின்னி, நாங்கள் அளக்கும் பட்டைக்கு மிக மேலே உள்ள அதிர்வெண்ணில் மின்னோட்டத்தைச் செலுத்துகிறோம். ஒளியும் அணுவின் ஆற்றல் மட்டங்களை நகர்த்தும். அந்த நகர்வு அணுவின் பார்வையில் காந்தப்புலத்தைப் போலவே தெரியும். லேசரின் செறிவு ஏறி இறங்கினால், இல்லாத ஒரு புலம் ஏறி இறங்குவதாகக் கருவி சொல்லும்.

எனக்கு இன்றும் வியப்பளிப்பது கவசத்தின் கதை. வெளிப்புலத்தைத் தடுக்க நிக்கலும் இரும்பும் கலந்த மியூ-மெட்டல் என்னும் உலோகத்தில் அடுக்கடுக்காக உருளைகள் செய்து, குப்பியை அவற்றின் நடுவில் வைக்கிறோம். அந்த உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக ஓடிக்கொண்டேயிருப்பதால், கவசமே ஒரு சிறு காந்த இரைச்சலை உண்டாக்குகிறது. சாதாரணக் கருவிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஃபெம்டோடெஸ்லாவைத் தேடுபவருக்கோ, பாதுகாக்க வைத்த காவலாளியே கதவைத் தட்டிக்கொண்டிருப்பதைப் போன்றது. மின்கடத்தாத ஃபெரைட்டால் உள்ளடுக்கைச் செய்வது இதற்கான தீர்வுகளில் ஒன்று.

உங்கள் சொந்த அனுபவத்தில் அப்படி ஏமாந்தது உண்டா?

உண்டு. முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், காலையில் கூடி மாலையில் குறையும் ஒரு சிறிய, அழகான சமிக்ஞையை ஏழு வாரங்கள் துரத்தினேன். அதற்கொரு கோட்பாட்டு விளக்கமும் எழுதிவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இறுதியில் அது கவசத்தின் வாய்க்கு அருகில் இருந்த ஒரு வடத்தின் இணைப்பானில் வந்து முடிந்தது. இணைப்பானின் மேல் நிக்கல் பூச்சு இருந்தது. நிக்கல் காந்தத்தன்மை உடையது. அறையின் வெப்பநிலைக்கேற்ப வடத்தைத் தாங்கிய நெகிழித் துண்டு விரிந்து சுருங்க, இணைப்பான் இம்மியளவு நகர்ந்தது. ஏழு வார உழைப்பு, விரல்நுனி அளவுள்ள ஒரு பொருளின் நகர்வு.

அதற்குப் பிறகு குப்பிக்கு அருகில் வைக்கும் ஒவ்வொரு திருகையும் முதலில் காந்தமானிக்கு முன் ஆட்டிப் பார்க்காமல் பொருத்துவதில்லை. துருப்பிடிக்காத எஃகு காந்தத்தன்மை அற்றது என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். வளைத்தும் வெட்டியும் வேலை செய்தபின் அதன் சில வகைகள் சற்றே காந்தமாகிவிடும். பித்தளை, டைட்டானியம், நெகிழி ஆகியவையே எங்கள் நம்பிக்கைக்குரியவை. பித்தளையிலும் இரும்புத் துகள் கலந்திருந்த ஒரு முறையை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆய்வகத்துக்குள் செல்பேசி கொண்டுவரலாமா?

கவசத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். இடைவார், சாவிக்கொத்து, சில மூக்குக்கண்ணாடிகள், உள்ளே இரும்புத் தகடு வைத்த காலணிகள் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

இந்த வேலையில் ஆபத்து உண்டா?

முதன்மையான ஆபத்து லேசர் ஒளிதான். 780, 795 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மிக மங்கிய சிவப்பாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. அதனால் அது வலுவற்றது என்று மனம் ஏமாறும். கண் தானாக மூடிக்கொள்ளவும் செய்யாது. ஆனால் கண்ணின் வில்லை அதை விழித்திரையின் ஒரு புள்ளியில் குவித்துவிடும். உரிய பாதுகாப்புக் கண்ணாடி அணிவது, கற்றை செல்லும் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தாமல் இருப்பது, மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றிவிட்டு மேசையில் கை வைப்பது ஆகியவை பழக்கமாகிவிட வேண்டும். கீழே விழுந்த திருகை எடுக்கக் குனியும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று புதியவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள், பிறகு செய்வார்கள்.

ருபீடியமும் சீசியமும் தண்ணீரோடு கடுமையாக வினைபுரிபவை. மூடிய குப்பியில் இருப்பது மிகச் சிறிய அளவே என்பதால் ஒரு குப்பி உடைந்தால் பேரிடர் இல்லை. ஆனால் குப்பிகளை நிரப்பும் இடத்தில் வேலை செய்பவருக்குத் தனிப் பயிற்சி கட்டாயம்.

என்ன படித்திருக்க வேண்டும்?

குவாண்டம் இயங்கியல், மின்காந்தவியல், அணு இயற்பியல் ஆகியவற்றில் முதுகலைப் பட்ட அளவிலான அடித்தளம் வேண்டும். இவற்றைப் பலரும் கொண்டுவருகிறார்கள். பலரிடம் இல்லாமல் இருப்பது மின்னணுவியல் கைப்பழக்கம். ஒரு பெருக்கியின் இரைச்சல் எங்கிருந்து வருகிறது, எர்த் இணைப்புகள் எப்படி வளையமாகி 50 ஹெர்ட்ஸை உள்ளே இழுக்கின்றன, லாக்-இன் பெருக்கி புதைந்து கிடக்கும் சமிக்ஞையை எப்படி வெளியே எடுக்கிறது என்பவற்றை அறிந்தவர் முதல் ஆண்டிலேயே பயனுள்ளவராகிவிடுவார். பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியும் புள்ளியியலும் தேவை. கோட்பாட்டாளராகவே இருக்க விரும்புவோருக்கும் இடமுண்டு. ஆனால் பரிசோதனையாளரின் குறிப்பேட்டைப் படிக்கத் தெரியாத கோட்பாட்டாளரால் இத்துறையில் அதிக தூரம் போக முடிந்ததை நான் பார்த்ததில்லை.

மதிப்பெண்ணைவிட நான் கவனிப்பது வேறொன்று: ஒரு கருவி பழுதானால் அந்த மாணவர் எரிச்சலடைகிறாரா, ஆர்வமடைகிறாரா என்பதை.

முனைவர் பட்டம் முடிய எத்தனை ஆண்டுகள்? அதன்பின் வேலை கிடைக்குமா?

நாட்டின் முறையைப் பொறுத்து மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை ஆகும். புதிய கருவியை அடியிலிருந்து கட்டுபவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் காட்டுவதற்கு அதிகம் இருக்காது. அந்தக் காலத்தைத் தாங்குவதற்கு நல்ல நெறியாளரும் நல்ல நண்பர்களும் வேண்டும். அதன்பின் போஸ்ட்டாக் எனப்படும் தற்காலிக ஆய்வுப் பணிகள், ஒவ்வொன்றும் ஓரிரு ஆண்டுகள், பெரும்பாலும் வேறு வேறு ஊர்களில். நிரந்தரப் பல்கலைக்கழகப் பணியிடங்கள் விண்ணப்பதாரர்களைவிட வெகு குறைவு. இதை மறைத்து மாணவர்களைச் சேர்ப்பது நேர்மையல்ல என்று கருதுகிறேன். ஆறுதல் என்னவென்றால், லேசர், மின்னணுவியல், வெற்றிடத் தொழில்நுட்பம், சமிக்ஞை ஆய்வு என்று இங்கே கற்கும் கைத்திறன் வெளியே விலைபோகும். மருத்துவக் கருவிகள், புவியியல் ஆய்வு, விண்வெளி, குவாண்டம் தொழில்நுட்பம் ஆகிய துறைகளின் நிறுவனங்களில் எங்கள் பழைய மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைத் துறையைவிட்டு விலகியவர்கள் என்று சொல்லும் பழக்கத்தை நாங்கள் கைவிட வேண்டும்.

இந்த உணர்விகள் எங்கெல்லாம் பயன்படுகின்றன?

கனிமத் தேடல், தொல்லியல் அகழாய்வுக்கு முந்தைய நில ஆய்வு, வெடிக்காமல் புதைந்து கிடக்கும் குண்டுகளைக் கண்டறிதல் ஆகியவற்றில் சீசியம் காந்தமானிகள் பல பத்தாண்டுகளாக உழைக்கின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 நவம்பரில் ஏவிய ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் மூன்றிலும் ஹீலியம் அணுவை அடிப்படையாகக் கொண்ட காந்தமானி ஒன்று சென்றது. பூமியின் காந்தப்புலத்தின் மாற்றங்களை வரைபடமாக்குவது அவற்றின் நோக்கம். மருத்துவத்தில் மூளையையும் இதயத்தையும் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

அடிப்படை இயற்பியலில் இவற்றின் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. நியூட்ரானுக்கு நிலையான மின் இருமுனைத் திருப்புத்திறன் உண்டா, அதாவது அதனுள் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி நிற்கின்றனவா, என்று தேடும் பரிசோதனைகளில், காந்தப்புலம் சற்றே மாறினாலும் பொய்யான விடை வந்துவிடும். அதனால் பாதரச அணுக்களும் சீசியம் அணுக்களும் அங்கே காவலுக்கு நிற்கின்றன. தெரியாததைத் தேடும் பெரிய பரிசோதனை ஒன்றின் நம்பகத்தன்மை, ஒரு கண்ணாடிக் குப்பியின் நேர்மையில் தங்கியிருப்பது எனக்குப் பிடித்த காட்சி.

வைரத்தில் ஒரு நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்தில் கார்பன் அணு இல்லாத காலியிடமும் சேர்ந்த குறைபாட்டைக் கொண்டு புலத்தை அளக்கும் முறையும் வேகமாக வளர்கிறது. உணர்திறனில் ஆவிக் குப்பி முன்னே நிற்கிறது. செல் அளவுள்ள சிறு இடத்தில் அளக்க வேண்டுமானால் வைரம் முன்னே நிற்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் உணர்திறன் எண்களை எப்படிப் படிக்க வேண்டும்?

எச்சரிக்கையோடு. கட்டுரையின் தலைப்பில் வரும் எண், கருவியின் மிகச் சிறந்த அதிர்வெண்ணில், மிகச் சிறந்த நாளில், பெரும்பாலும் பின்னிரவில் எடுக்கப்பட்டது. அதில் பொய் இல்லை; ஆனால் முழுக்கதையும் இல்லை. எந்த அதிர்வெண்ணில் அந்த எண், பட்டையகலம் எவ்வளவு, கவசத்துக்குள்ளா திறந்த வெளியிலா, எவ்வளவு பெரிய புலம்வரை வேலை செய்யும், ஒரே உணர்வியா அல்லது இரண்டின் வித்தியாசமா என்று கேளுங்கள். இரண்டு உணர்விகளின் வித்தியாசத்தை எடுத்தால் பொதுவான இரைச்சல் கழிந்துவிடும். அது நியாயமான நுட்பம், ஆனால் ஒற்றை உணர்வியின் எண்ணோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை. ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த வரைபடம் எப்படி மேலே ஏறுகிறது என்றும் பாருங்கள். மெதுவான மாற்றங்களை அளக்க விரும்பும் புவியியலாளருக்குத் தேவையான பகுதி அதுதான். பல கட்டுரைகளில் வரைபடம் அதற்குச் சற்று முன்னே வெட்டப்பட்டிருக்கும்.

நானும் அப்படி வெட்டியிருக்கிறேன். மதிப்பீட்டாளர் கேட்டபின் நீட்டி வரைந்தேன்.

ஒரு ஆய்வகத்தில் சேர்வதற்கு முன் நான் என்ன கேட்க வேண்டும்?

நிதி எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியாக இருக்கிறது, முந்தைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், நெறியாளரை வாரத்தில் எத்தனை முறை பார்க்க முடியும் என்பவற்றைத் தயங்காமல் கேளுங்கள். பிறகு, நெறியாளர் இல்லாத நேரத்தில், மூத்த மாணவர் ஒருவரிடம் அவருடைய கருவியின் இரைச்சல் நிறமாலையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு கோட்டையும் தொட்டு, இது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் உடனே விடை சொன்னால் சற்றுச் சந்தேகப்படலாம். ஒன்றுக்கும் விடை தெரியாவிட்டால் வேறு ஆய்வகம் பாருங்கள். இது மின்வலை, இது மின்விசிறி, இது லேசரின் மின்வழங்கி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு கோட்டில் விரலை நிறுத்தி, இதை மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி உங்கள் கருத்தையும் கேட்டாரென்றால், அங்கே விண்ணப்பியுங்கள்.